கீரைப் பாத்தியில் ஆப்பிரிக்க நத்தை

மழை தொடங்கியதும் தண்டுக்கீரையும் பப்பாளிக் கன்றும் ராத்திரியோடு ராத்திரியாக மொட்டையாகின. ஆப்பிரிக்க ராட்சத நத்தைதான். அதை விரட்டத் தூவிய சாம்பல் மழையில் கரைந்தது, உப்பு செடியைக் கருக்கியது.

அப்புறம்தான் சுண்ணாம்பு அடித்த மதிலில் சுரண்டிய தடம் கண்ணில் பட்டது. ஓடு வளரச் சுண்ணாம்புச்சத்து வேண்டுமே, அதற்காக அங்கே மேய்கின்றன. மதிலடி மண்ணைக் கிளறினால் ஜவ்வரிசி மாதிரி முட்டைக் குவியல்! ஒரு தடவைக்கு 100-க்கு மேல்கூட இடும். அத்தனையையும் நசுக்கினேன். சாயங்காலம் அதே இடத்தில் ஈரச் சாக்குக்கு அடியில் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் இலையும் வைத்தேன். விடிகாலையில் நத்தைகள் கும்பலாக ஒட்டியிருந்தன. கையுறையோடு எடுத்து உப்புநீர் வாளியில் போட்டு, ஆழமாகப் புதைத்தேன். தினமும் இப்படிச் செய்ததில் பாத்தி மறுபடி தழைத்தது, பெரிய நிம்மதி.

வெறுங்கையால் தொடாதீர்கள். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் எலி நுரையீரல் புழு இதில் இருக்கலாம். கீரையையும் நன்றாகக் கழுவி, வேகவைத்தே சாப்பிடுகிறோம்.