பனிமனிதனுக்கு எந்தத் தொப்பி போடலாம்?

பழைய ஐரோப்பிய கிறிஸ்துமஸ் அட்டைகளில் பனிமனிதன் பெரும்பாலும் உயரமான கறுப்புத் தொப்பியோடுதான் நிற்பான். பார்க்க அழகுதான். ஆனால் வெயில் அடிக்கும் நாளில் கறுப்புத் துணி சூட்டை உறிஞ்சித் தலையைச் சீக்கிரம் கரைத்துவிடும். வெளிர் நிறத்தில், தடிமனான கம்பளித் தொப்பியாகப் பாருங்கள். கம்பளி வெளிச்சூட்டை எளிதில் உள்ளே விடாது. கறுப்புதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், நிழல் விழும் பக்கமாகப் பனிமனிதனைச் செய்யுங்கள்.

அப்புறம், தொப்பியை மாட்டுமுன் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துவிடுங்கள். இல்லையென்றால் பகலில் நனைந்த கம்பளி இரவில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் தலையும் சேர்ந்து வரும்! காற்று பலமாக இருந்தால், பின்னலின் ஊடே மெல்லிய குச்சி ஒன்றைச் செருகினால் போதும்.