ஜப்பானில் வெளிநாட்டுச் சரக்கு: ஏர்போர்ட்டை விடுங்கள், பக்கத்துக் கடைக்குப் போங்கள்

"அண்ணா, டியூட்டி ஃப்ரீயில ஒரு பிளாக் லேபிள் வாங்கிட்டு வரட்டுமா?" டோக்கியோவுக்கு வேலைக்கு வரும் தம்பிமார்கள் விமானம் ஏறும் முன் தவறாமல் கேட்பது இது. வேண்டாம்ப்பா, அந்த எடைக்கு அம்மா அரைத்த சாம்பார் பொடியைக் கொண்டுவா என்றுதான் சொல்வேன். டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் குடியிருக்கும் எங்களில் பலர் ஸ்காட்ச் வாங்க ஏர்போர்ட் கடைப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. அதைவிட மலிவாக வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும்போது எதற்குச் சுமக்க வேண்டும்?

நம்ம ஊரில் ஃபாரின் சரக்கு என்றால் ஏர்போர்ட் ஞாபகம் வருவதில் நியாயம் இருக்கிறது. இந்தியா ஸ்காட்சுக்குப் பல ஆண்டுகளாக 150 சதவீதம் சுங்கவரி போட்டுவந்தது. அதற்கு மேல் மாநில வரி வேறு. ஜப்பானில் கணக்கே வேறு மாதிரி. விஸ்கிக்கு இறக்குமதிச் சுங்கவரி கிடையாது. மதுவரி உண்டு, ஆனால் அதை விலையைப் பார்த்துப் போடுவதில்லை, பாட்டிலில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்று பார்த்துத்தான் போடுகிறார்கள். 37 சதவீதத்துக்குக் கீழே உள்ள விஸ்கிக்கு லிட்டருக்கு 370 யென். 37ஐத் தாண்டினால் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 10 யென் கூடும். 40 சதவீத ஸ்காட்ச் என்றால் லிட்டருக்கு 400 யென், 700 மில்லி பாட்டிலுக்கு 280 யென். மலிவான ஒயிட் ஹார்ஸுக்கும் 280 யென்தான், விலை கூடிய ப்ளூ லேபிளுக்கும் 280 யென்தான். ஜின், ரம், வோட்காவுக்கும் இதே கணக்கு. எல்லாவற்றுக்கும் மேல் 10 சதவீத நுகர்வு வரி. வேறொன்றும் இல்லை.

இங்கேயும் ஒரு காலத்தில் நம்ம ஊர் நிலைமைதான். ஜானி வாக்கர் பிளாக் லேபிளை ஜப்பானியர்கள் "ஜோனி-குரோ" என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். ஆபீஸில் மூத்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் சிறு வயதில் அப்பாவோ மாமாவோ வெளிநாடு போய்வந்தால் ஜோனி-குரோ கொண்டுவருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று கதை கதையாகச் சொல்வார்கள். 1989-இல் விஸ்கியைத் தரம் பிரித்து வரி போடும் முறையை எடுத்தார்கள். ஷோச்சு என்ற ஜப்பானியச் சாராயத்தைவிட விஸ்கிக்கு அதிக வரி போடுவது தவறு என்று 1996-இல் உலக வர்த்தக அமைப்பு தீர்ப்புச் சொல்ல, வரி இன்னும் இறங்கியது. அதன் பலனைத்தான் இன்று நாம் கடையில் அனுபவிக்கிறோம்.

சரி, எங்கே வாங்குவது? என் முதல் ஓட்டு யமாயாவுக்கு. செண்டாயைத் தலைமையிடமாகக் கொண்ட மதுக்கடைத் தொடர் இது. டோக்கியோவைச் சுற்றிலும் கிளைகள் உண்டு. மது மட்டும் இல்லை, பாஸ்தா, சீஸ், பருப்பு வகை, மசாலா என்று வெளிநாட்டுச் சாமான்களும் கிடைக்கும் என்பதால் வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம். டான் கிஹோத்தே, ஓகே ஸ்டோர், லிக்கர் மவுண்டன் ஆகியவையும் நல்ல விலைக்குத் தருபவைதான். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் முழு பாட்டில் வாங்காதீர்கள். அங்கே வசதிக்குத்தான் காசு.

யமாயாவின் விஸ்கி அலமாரி முன் நின்றால் கீழ்த்தட்டையும் இடுப்புயரத் தட்டையும் முதலில் பாருங்கள். பேலன்டைன்ஸ் ஃபைனஸ்ட், ஒயிட் ஹார்ஸ், டீச்சர்ஸ், டூவர்ஸ் ஒயிட் லேபிள் எல்லாம் அங்கேதான் வரிசையாக நிற்கும். 700 மில்லி ஆயிரத்துச் சொச்சம் யென்னுக்குக் கிடைக்கும். பிளாக் லேபிள் போன்ற பன்னிரண்டு வருஷச் சரக்கு அதைப்போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைச்சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருப்பது வரி சேராத விலை, பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பது வரி சேர்ந்த விலை. அரிசி, காய்கறிக்கு 8 சதவீதம் கட்டிப் பழகிய கை, மதுவுக்கு 10 சதவீதம் என்பதை மறந்துவிடும். பொடி எழுத்தையே பாருங்கள்.

அடுத்தது பாட்டிலின் அளவு. ஒரே சரக்கு 700 மில்லியிலும் இருக்கும், 750-லும் இருக்கும், ஒரு லிட்டரிலும் இருக்கும். செல்போனை எடுத்து 100 மில்லிக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். 700 மில்லி 1,400 யென் என்றால் 100 மில்லிக்கு 200 யென். அதே சரக்கு ஒரு லிட்டர் 1,800 யென் என்றால் 180 யென்தான். சில சமயம் இது தலைகீழாகவும் இருக்கும். விளம்பரத் தள்ளுபடி வழக்கமாக 700 மில்லி பாட்டிலுக்குத்தான் வருகிறது. பெரிய பாட்டில் என்றால் மலிவாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம்.

பிறகு பாட்டிலைத் திருப்புங்கள். பின்பக்கம் ஜப்பானிய மொழியில் சின்னதாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும், ஆனால் அதில் நமக்கு வேண்டியவை சில வரிகள்தான். ஒன்று "ஹின்மோகு", சரக்கின் வகை. அங்கே கடகனா எழுத்தில் "உயிஸ்கீ" என்று இருக்க வேண்டும். "ரிக்யூரு" என்று இருந்தால் அது தேனோ பழச்சுவையோ கலந்த இனிப்பு வகை. முன்பக்கத்தில் பெரிய விஸ்கி கம்பெனியின் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு. அடுத்து ஆல்கஹால் சதவீதம், கொள்ளளவு. கடைசியாக "யுன்யூ-ஷா", இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும். சட்டப்படி இது இருந்தே ஆக வேண்டும். தனியார் விற்கும் செயலிகளில் இந்தச் சீட்டே இல்லாத பாட்டிலை மலிவாகப் போட்டிருப்பார்கள். நான் அதைத் தொடுவதில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

அலமாரியில் ஒரே பெயருள்ள பாட்டில் இரண்டு விலையில் நிற்பதைப் பார்ப்பீர்கள். மலிவாக இருப்பது "ஹெய்கோ யுன்யூ", அதாவது அதிகாரபூர்வ ஏஜென்ட் வழியாக வராமல் வேறொரு வியாபாரி வெளிச்சந்தையில் வாங்கி இறக்கியது. "செய்கி-ஹின்" என்பது ஏஜென்ட் வழியாக வந்தது. நம்மில் பலர் மலிவானதைப் பார்த்ததும் போலி என்று பயப்படுகிறார்கள். நல்ல கடையில் வாங்கும்வரை அந்தப் பயம் தேவையில்லை, அது சட்டப்படியான வியாபாரம்தான். ஒரே சரக்கு 40 சதவீதத்துக்குப் பதில் 43 ஆக இருக்கலாம், அட்டைப்பெட்டி இல்லாமல் வரலாம், பாட்டிலில் அச்சிட்ட தொகுப்பு எண்ணைச் சுரண்டியிருக்கலாம். ஏதாவது குறை இருந்தால் ஏஜென்ட் பொறுப்பேற்க மாட்டார் என்பதுதான் வித்தியாசம். வீட்டில் சோடா ஊற்றிக் குடிக்கும் விஸ்கிக்கு நான் மலிவானதையே எடுக்கிறேன். மேனேஜருக்குப் பரிசு கொடுப்பதென்றால் பெட்டியோடு செய்கி-ஹின்.

ஒயினில் மட்டும் இந்த விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. விஸ்கி வெயிலில் வந்த கன்டெய்னரைத் தாங்கும், ஒயின் தாங்காது. குளிர்பதனக் கன்டெய்னரில் வந்த ஒயினுக்கு "ரீஃபா" என்று கடகனாவில் எழுதி ஒட்டியிருப்பார்கள், அதைத் தேடி எடுங்கள். தினசரிக் குடிக்கு சிலி நாட்டு ஒயின் போதும். ஜப்பானுக்கும் சிலிக்கும் 2007-இல் ஒப்பந்தம் வந்து சுங்கவரி படிப்படியாகக் குறைந்து, 2019 ஏப்ரலில் முழுக்கப் போய்விட்டது. இப்படி ஒப்பந்தம் இல்லாத நாட்டுப் பாட்டில் ஒயினுக்குச் சுங்கவரி 15 சதவீதம் அல்லது லிட்டருக்கு 125 யென், இதில் எது குறைவோ அது. ஐரோப்பிய ஒன்றியத்து ஒயினுக்கும் 2019 பிப்ரவரி 1 முதல் இந்தச் சுங்கவரி இல்லை. மதுவரி லிட்டருக்கு 100 யென், ஒரு பாட்டிலுக்கு 75 யென்தான். அல்பாக்கா, கோனோ சூர் போன்ற சிலி ஒயின்களை சூப்பர் மார்க்கெட்டிலேயே ஆயிரம் யென்னுக்குள் வாங்கலாம். ஆட்டுக்கறிக் குழம்புக்கு அல்பாக்கா கேபர்னே சாவின்யோன் நன்றாகவே ஒத்துப்போகிறது.

வெளிநாட்டு பீரை மலிவாகத் தேடுவது வீண் அலைச்சல். தண்ணீரைக் கப்பலில் ஏற்றிவந்த கூலியும் அந்த விலையில் சேர்ந்திருக்கும். இங்கத்து பீரே அருமையாக இருக்கும்போது அதைக் குடியுங்கள்.

வீட்டில் நண்பர்கள் கூடுகிறார்கள் என்றால், மொத்தமாக வாங்கும் காஸ்ட்கோ கடைக்குப் போகலாம். எங்கள் பக்கத்திலிருந்து மகுஹாரி கிளை போய்வரத் தோதானது. கார் வைத்திருக்கும் நண்பர் வேண்டும், ஆண்டுச் சந்தாவும் உண்டு. மதுவுக்காக மட்டும் சந்தா கட்டுவது கட்டுப்படியாகாது. கனமான பாட்டில்களைத் தூக்க முடியாதவர்களுக்கு ககுயாசு என்ற மதுக்கடை வீட்டுக்கே கொண்டுவந்து தரும். அம்ருத், பால் ஜான் போன்ற நம் நாட்டுச் சரக்கும் டோக்கியோவில் கிடைக்கிறது, ஆனால் மலிவு இல்லை. ஆசைக்கு ஒன்று வாங்கலாம்.

கடைகளில் "டாக்ஸ் ஃப்ரீ" பலகையைப் பார்த்து பாஸ்போர்ட்டை நீட்டாதீர்கள். அது சுற்றுலா வருபவர்களுக்கு. வேலை விசாவில் இங்கே சம்பளம் வாங்கும் நமக்குப் பொருந்தாது. வயது வரம்பு 20. 2022 ஏப்ரலில் வயதுவந்தோர் வரம்பை 18 ஆகக் குறைத்தபோதும் மதுவுக்கு மட்டும் 20-ஐ மாற்றவில்லை. முகம் சின்னப் பையன் மாதிரி இருந்தால் ரெசிடென்ஸ் கார்டைக் கையில் வைத்திருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும்போது எதையாவது கொண்டுவந்தே தீர வேண்டும் என்றால் ஆளுக்கு மூன்று பாட்டில், ஒன்று 760 மில்லி கணக்கில், வரி இல்லாமல் அனுமதி. இங்கே கிடைக்காத சரக்குக்கு மட்டும் அந்த இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுவந்ததைச் சக ஊழியர்களுக்குத் தொடர்ந்து விற்றுக் காசு பார்க்கும் எண்ணம் வேண்டாம். உரிமம் இல்லாமல் மது விற்பது குற்றம்.

கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் போட்டு ஊறவைப்பது நமக்கு வழக்கம். இங்கே உரிமம் இல்லாமல் 1 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் வரும் எதையும் புளிக்கவைக்கக் கூடாது. 10 ஆண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம் என்கிறது சட்டம். வரி கட்டிய, 20 சதவீதத்துக்குக் குறையாத மதுவில் உமே என்ற ஜப்பானியப் பிளம் காயை ஊறப்போட அனுமதி உண்டு. திராட்சைக்கு அதிலும் அனுமதி இல்லை.

பாட்டில் வாங்க நம்மில் முக்கால்வாசிப் பேர் சைக்கிளில்தான் போவோம். போவதில் ஒன்றுமில்லை. ஆனால் நண்பர் வீட்டில் இரண்டு ரவுண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது ஏறி மிதித்துவிடாதீர்கள். 2024 நவம்பர் 1 முதல் சைக்கிளுக்கும் கடுமையான சட்டம் வந்துவிட்டது. ஒரு லிட்டர் மூச்சுக்காற்றில் 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். சைக்கிளில் போகப்போகிறவர் என்று தெரிந்தே ஊற்றிக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. அதனால் வீட்டுக்கு வந்தவரை வழியனுப்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சைக்கிளை உங்கள் வீட்டிலேயே பூட்டிவிட்டு மறுநாள் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.