வன்னிக்கு ஊழியத்துக்கு வருகிறீர்களா?

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக்காரி. வன்னி என்பது இலங்கையின் வடக்குப் பகுதி. அங்கே கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து குளத்துப் பக்கமாக உள்ளே போகும் ஒரு கிராமத்தில் ஏழு வருடமாக இருக்கிறேன். சிறுபிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி, பெண்களுக்குத் தையல் வகுப்பு, மீதி நேரமெல்லாம் வீடு சந்திப்பு. ஊரிலிருந்து யாராவது "அக்கா, நானும் வரலாம்னு ஜெபிக்கிறேன்" என்று கேட்கும்போதெல்லாம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் விசா. சுற்றுலா விசாவில் வந்து கூட்டம் நடத்தாதீர்கள். உங்களை அழைக்கிற சபை மூலமாக வதிவிட விசாவுக்கு விண்ணப்பியுங்கள், நாளானாலும் பொறுத்திருங்கள். பிரச்சினை வந்தால் நீங்கள் விமானம் ஏறிப் போய்விடுவீர்கள். விசாரணைக்குப் போய் நிற்பது உள்ளூர்ப் போதகர்தான். வந்து சேர்ந்ததும் கிராம அலுவலரை நேரில் பார்த்து, யார், எங்கே தங்குகிறேன், என்ன செய்கிறேன் என்று மூன்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். எல்லாரும் அவரை ஜிஎஸ் என்றுதான் சொல்வார்கள். 2022 டிசம்பரிலிருந்து சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானம் மறுபடி ஓடுவதால் கொழும்பு சுற்றி வரத் தேவையில்லை.

அப்புறம் மொழி. இதில்தான் நம் ஆட்கள் எல்லாரும் தடுக்கி விழுகிறோம்.

1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது போனவர்கள் தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பக்கம் போனார்கள். உட்கார்ந்து தெலுங்கு படித்தார்கள். 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் படித்து, தமிழிலேயே மருத்துவ நூல்கள் எழுதி, தமிழிலேயே மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நாம் மட்டும் "தமிழ்தானே" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் வந்தேன்.

வந்த இரண்டாம் மாதம். பக்கத்து வீட்டு அக்காவின் மகன் பள்ளிக்கூடம் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தான். "கவலைப்படாதீங்க, நான் அவன்கிட்ட பேசுறேன்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "பேசாதேங்கோ அக்கா, அவன் பாவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இங்கே பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதை இவர்கள் கதைப்பது என்பார்கள். இது விளங்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அந்தப் பையன் என்னைக் கண்டால் வேலிக்குப் பின்னால் ஒளிந்தான்.

அதனால் முதல் மூன்று மாதம் பிரசங்கம் வேண்டாம் என்று போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கொப்பி (நோட்டு) வாங்கி, காதில் விழுவதை எழுதுங்கள். பாண் (ரொட்டி), தேசிக்காய் (எலுமிச்சை), படலை (வேலிக் கதவு), வளவு (வீட்டைச் சுற்றிய நிலம்), கெதியா (சீக்கிரமாக), வடிவு (அழகு). அவர்கள் மாதிரிப் பேசி நடிக்க வேண்டாம், அது அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். காது பழகினால் போதும். கூடவே ஒரு வார்த்தையை விட்டுவிட்டு வாருங்கள்: புறஜாதியார். கிறிஸ்தவர் அல்லாதவர்களைச் சொல்ல ஊரில் பிரசங்கத்தில் வாய் தவறாமல் வரும் வார்த்தை அது. இங்கே அவர்கள் சைவக்காரர், நாம் வேதக்காரர். ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறோம், போர்க் காலத்தில் இரு பக்கத்தாரும் ஒரே பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) பதுங்கியவர்கள். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்று எல்லாரும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காராதீர்கள். இறங்கி, கச்சான் (வேர்க்கடலை) வாங்கி, பக்கத்து இருக்கைக்காரருக்கும் கொடுங்கள்.

வீடு சந்திப்புக்கு நான் போவது பின்னேரம் நாலு மணிக்கு மேல். படலையில் நின்று கூப்பிட வேண்டும், திறந்துகொண்டு உள்ளே போகக் கூடாது. பிளேன்ரீ (பால் இல்லாத தேநீர்) தருவார்கள், சில வீட்டில் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி (இங்கத்துக் கருப்பட்டி) துண்டு கையில் தருவார்கள். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அந்த வீட்டில் அன்றைக்கு இருப்பதே அதுவாக இருக்கலாம், ஆனாலும் மறுப்பதுதான் அவர்களுக்கு வலிக்கும். மாரி மழை தொடங்கும் விதைப்புக் காலத்திலும் அந்தப் பெரும்போக நெல்லின் (காலபோகம்) அறுவடையிலும் கூட்டம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். அந்த நாட்களில் வயலுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுங்கள்.

இப்போது சொல்லப்போவதை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

ஒரு வீட்டுச் சுவரில் இளைஞன் ஒருவனின் படம் இருந்தது. பொட்டு இல்லை, மாலை இல்லை, விளக்கு இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. "மகன் எப்பம்மா தவறினார்?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "தவறேல்லை பிள்ளை. வட்டுவாகலில நான் என்ர கையால குடுத்தனான்." அவ்வளவுதான். 2009 மே மாதம், போர் முடியும் நாட்களில், சரணடையச் சொன்னபோது இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை. கோழி ஒன்று திண்ணையில் ஏறி இறங்கியது. எனக்கு ஊரில் சொல்லிக்கொடுத்த ஆறுதல் வசனங்கள் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. ஒன்றையும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காக இன்றைக்கும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன்.

மாலை போடாத படம் என்றால் அந்த வீட்டுக்கு அவர் உயிரோடு இருக்கிறார். காணாமல் போனவர் என்று சொல்லாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர் என்பதுதான் அந்தத் தாய்மார் சொல்லும் சொல். அந்தச் சொல்லோடு 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் போராட்டமாக வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். "கர்த்தருடைய சித்தம்" என்று விளக்கம் சொல்ல வேண்டாம். மகன் வருவான் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம், தீர்க்கதரிசனம் என்ற பேரில் சிலர் அதைச் செய்துவிட்டுப் போனதால் உடைந்த வீடுகள் எனக்குத் தெரியும். ஜெபிக்கவா என்று கேளுங்கள். ஓம் (ஆமாம்) என்றால் மகனின் பேரைக் கேட்டு, அந்தப் பேரைச் சொல்லி, இரண்டே வரி ஜெபியுங்கள். வசனம் கேட்டால் நான் 88-ஆம் சங்கீதம் வாசிப்பேன். அது இருளிலேயே முடிகிறது, கடைசியில் சமாதானம் சொல்லி மூடவில்லை. அந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு, "இது ஆர் எழுதினது? எனக்கு நடந்த மாதிரி இருக்கு" என்றார்.

படம் எடுக்காதீர்கள். நான் எடுத்திருக்கிறேன். முதல் வருடம், கால் இழந்த ஒரு தங்கச்சியின் படத்தை ஜெபக் கடிதத்தோடு அனுப்பினேன். என்னை அனுப்பிய சபையில் அதைப் பெரிதாக அச்சடித்து வாசலில் வைத்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் அவளுடைய மச்சாளின் கைபேசிக்கு அது போய், அங்கிருந்து அவளிடமே வந்து சேர்ந்தது. தப்பு என்னுடையது. போய் மன்னிப்புக் கேட்டேன். ஆறு மாதம் அவள் தையல் வகுப்புக்கு வரவில்லை. இப்போது நான் எழுதும் கடிதத்தில் யாரைப் பற்றியாவது ஒரு வரி இருந்தாலும் அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

உதவிப் பொருள் வந்தால் ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடக் கொப்பி என்றால் பாடசாலை அதிபர் மூலமாக எல்லாப் பிள்ளைக்கும் போகட்டும். கொப்பிக்காக ஞானஸ்நானம் எடுத்தவர் என்ற பேச்சு ஒரு குடும்பத்தைப் பல வருடம் துரத்தும்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. 2016-ல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது, ஆனால் டெங்கு உண்டு, வலை கட்டிப் படுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் முற்றத்தில் கால் வைக்காதீர்கள், கண்ணாடி விரியனை இங்கே புடையன் என்பார்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் ஒற்றையடிப் பாதையை விட்டு விலகக் கூடாது, அவசரத்துக்குப் புதர்ப் பக்கம் ஒதுங்கவும் கூடாது. வருடத்தில் ஒரு மாதம் ஊருக்குப் போய் வாருங்கள். நான் முதல் மூன்று வருடம் போகாமல் இருந்து, ஞாயிறு மாலைகளில் காரணமே இல்லாமல் அழுதேன்.

சரி, வருகிற தேதி முடிவானால் எழுதுங்கள். வரும்போது உடன்குடிக் கருப்பட்டி ஒரு கிலோ கொண்டுவாருங்கள். மாலை போடாத படம் இருக்கிற வீட்டு அம்மா, உங்கட ஊர்க் கருப்பட்டியையும் எங்கட பனங்கட்டியையும் பக்கத்தில் வைத்துக் கடித்துப் பார்க்க வேண்டும் என்று போன கிழமையும் கேட்டார்.