பழைய ரேடியோ துப்பறியும் நாடகங்கள்: புதிதாகக் கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

1930களிலிருந்து 1950கள் வரை அமெரிக்க வானொலியைக் கலக்கிய துப்பறியும் நாடகங்கள் இன்று இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆசையாகத் தொடங்கும் பலர் நாலைந்தைக் கேட்டுவிட்டு, "ரொம்பப் பழசாக இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது வருத்தம்தான். கேட்கும் முறையைக் கொஞ்சம் மாற்றினால் அவர்களே விடிய விடியக் கேட்பார்கள்.

வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்பதுதான் பெரிய தவறு. அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரமும் போக மீதி நேரத்துக்குள் கொலை நடக்க வேண்டும், சந்தேகம் நாலு பேர் மேல் விழ வேண்டும், முடிச்சும் அவிழ வேண்டும். அதனால் ஒரு கதவுச் சத்தம்கூடக் காரணமில்லாமல் வராது. 'சஸ்பென்ஸ்' தொடரில் 1943இல் ஒலிபரப்பான 'சாரி, ராங் நம்பர்' நாடகத்தையே கேளுங்கள். நோயில் படுத்திருக்கும் ஒரு பெண், பக்கத்தில் ஒரு தொலைபேசி. லைன் குழம்பி, இரண்டு ஆண்கள் ஒரு கொலைக்குத் திட்டம் போடுவது அவள் காதில் விழுகிறது. டயல் சுழன்று திரும்பும் சத்தம், எங்கேஜ்டு டோன், சலனமே இல்லாமல் பேசும் ஆபரேட்டரின் குரல், இவற்றை வைத்தே நாடகம் நகர்கிறது. அந்தப் பெண்ணாக நடித்த ஆக்னஸ் மூர்ஹெட்டின் குரலில் முதலில் இருப்பது வெறும் எரிச்சல். அது பயமாக மாறும் இடம் மிக நுட்பமானது. கவனம் சிதறினால் அதைத் தவறவிட்டுவிடுவீர்கள். முடிவை நான் சொல்லப்போவதில்லை. மூர்ஹெட் இதே நாடகத்தைப் பின்னாளில் பலமுறை புதிதாக நடித்திருக்கிறார், ஆகவே பதிவின் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகத்தான் கேட்பேன் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. பெரும்பாலான தொடர்களில் ஒவ்வொரு வாரமும் ஒரு முழுக்கதை. பல தொடர்களின் ஆரம்பகாலப் பதிவுகள் மிஞ்சவும் இல்லை. வரிசை முக்கியமாகும் இடங்களும் உண்டு: 'யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்' 1955இல் பாப் பெய்லியின் குரலில் திரும்பி வந்தபோது, ஒரே வழக்கைத் திங்கள் முதல் வெள்ளி வரை தினம் கால் மணி நேரமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்காக அலையும் அந்தத் துப்பறிவாளரை நிதானமாகப் பழகவிட்ட காலம் அது. என்னைக் கேட்டால், தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

அப்புறம், ரேடியோ ஹோம்ஸை வைத்துப் புத்தக ஹோம்ஸை முடிவு செய்யக் கூடாது. 1939 முதல் பேசில் ராத்போனும் நைஜல் புரூஸும் வானொலியில் நடித்த ஜோடி அபாரமானதுதான். ஆனால் புரூஸின் வாட்சன் தடுமாறும் அப்பாவி. கோனன் டாயிலின் வாட்சனோ ஆப்கன் போரில் காயம்பட்டுத் திரும்பிய ராணுவ டாக்டர், ஆபத்தான வேளையில் ஹோம்ஸ் நம்பி அழைக்கும் ஆள். எல்லாரும் மேற்கோள் காட்டும் "எலிமெண்டரி, மை டியர் வாட்சன்" என்ற வசனம் டாயில் எழுதிய 4 நாவல்களிலும் 56 சிறுகதைகளிலும் அப்படியே எங்கும் வருவதில்லை.

எல்லாத் துப்பறியும் கதைக்கும் ஒரே அளவுகோலை வைப்பதும் சரியில்லை. அகதா கிறிஸ்டி வாசகரோடு நேர்மையாக விளையாடுகிறார். துப்புகள் கண்ணெதிரிலேயே கிடக்கும். அமெரிக்கக் குற்றக்கதை எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லரிடம் போய் "கொலையாளி யார் என்று தெளிவாகவே இல்லையே" என்று குறைப்பட்டால், அவர் காட்டும் ஊழல் நகரமும் மனிதர்களும் கண்ணில் படாமலே போய்விடும்.

புதிர்வகைக் கதைகளில் விடையை நோக்கி ஓடாதீர்கள். எல்லரி குவீன் என்ற துப்பறிவாளரை வைத்து 1939இல் தொடங்கிய வானொலித் தொடரில், விடை சொல்வதற்கு முன் நாடகத்தை நிறுத்திவிட்டு, ஸ்டூடியோவில் இருக்கும் விருந்தினர்களிடம் குற்றவாளி யார், ஏன் என்று கேட்பார்கள். நீங்களும் அந்த இடத்தில் பதிவை நிறுத்தி, ஒரு பெயரையும் ஒரு காரணத்தையும் தாளில் எழுதிவிட்டுத் தொடருங்கள். புத்தகத்திலும் இதைச் செய்யலாம், ஆனால் சுருக்கப் பதிப்பை வைத்துச் செய்யாதீர்கள். அலமாரியில் என்ன இருந்தது, யார் எத்தனை மணிக்கு வெளியே போனார் என்பது போன்ற சாதாரண வரிகளைத்தான் சுருக்குபவர்கள் முதலில் வெட்டுவார்கள். துப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.