இணையத் தாக்குதலை எப்போது பயங்கரவாதம் என்பது?

ஒரு தாக்குதலை 'இணையப் பயங்கரவாதம்' என்று எழுதும் முன், இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66எஃப் பிரிவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட அப்பிரிவு ஆயுள் சிறை வரை தண்டனைக்கு இடமளிப்பதால், இச்சொல்லை அலட்சியமாகக் கையாளக் கூடாது.

முதலில் நோக்கத்தைத் தேடுங்கள்: நாட்டின் ஒற்றுமை, பாதுகாப்பு, இறையாண்மை ஆகியவற்றை அச்சுறுத்தவோ, மக்களிடையே பீதியைக் கிளப்பவோ எண்ணம் இருந்ததா? அடுத்து, கணினிக்குள் அத்துமீறி நுழைதல், உரியவர்களுக்கு அணுகலைத் தடுத்தல், வைரஸைப் புகுத்துதல் போன்ற செயல் நடந்ததா, அதனால் உயிரிழப்போ சொத்துச் சேதமோ அத்தியாவசியச் சேவை முடக்கமோ நேர்ந்ததா, நேரக்கூடியதாகவாவது இருந்ததா என்று பாருங்கள். அரசுப் பாதுகாப்புக்காகக் கட்டுப்படுத்தப்பட்ட தகவலைத் திருடுவதும் இதே பிரிவில் தனியாக வருகிறது.

சிக்கல் பெரும்பாலும் நோக்கத்தில்தான். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, பிரிட்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளின் சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. திரையிலோ 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்கும் சிவப்புப் பெட்டி. பாதிக்கப்பட்டவருக்கு அது பயங்கரம்தான், சமூகம் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் பணம் பறிப்பதைத் தாண்டிய நோக்கம் நிறுவப்படாதவரை, சட்டக் குறிப்பில் அதை மிரட்டிப் பணம் பறித்தல் என்றே எழுதுவது என் வழக்கம்.