லாரிக்கு எந்த ஃபேன்: எலக்ட்ரிக்கா, என்ஜினோடு சுழல்வதா?

ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுத்து என்ஜினைக் குளிர்விக்கும் ஃபேனை மாற்றும் யோசனைக்குப் போகும் முன், வண்டி எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள். நெரிசலில் நிற்கும்போது சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் ஏறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் பக்கம்தான் குறை. நேர்ச்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் ஏறுகிறது என்றால் ஃபேனைச் சந்தேகிப்பது கடைசி வேலை. அந்த வேகத்தில் எதிர்காற்றே ரேடியேட்டருக்குப் பெரும்பாலும் போதும். அடைத்த ரேடியேட்டர், வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் சப்பையாகி உள்ளே ஒட்டிக்கொள்ளும் ஹோஸ், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), அழுத்தம் பிடிக்காத மூடி ஆகியவற்றை முதலில் பாருங்கள். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசியும் பூச்சியும் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். இரண்டையும் விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இந்தக் குறையை எந்த ஃபேனும் தீர்க்காது.

ஃபேன்தான் விஷயம் என்று உறுதியானால், அடுத்தது கணக்கு. பெரிய டீசல் லாரியின் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும்போது 40 குதிரைத்திறன்கூட இழுக்கும். அதில் பாதி, அதாவது 20 குதிரைத்திறன் போதும் என்றே வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 15 கிலோவாட். 24 வோல்ட் வண்டியில் ஆல்டர்னேட்டர் தரும் 28 வோல்ட்டில் அந்தச் சக்தியை மோட்டாருக்குக் கொடுக்க 530 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 12 வோல்ட் வண்டியில் ஆயிரத்தைத் தாண்டும். லாரிகளில் வழக்கமாக இருக்கும் ஆல்டர்னேட்டர் 80 முதல் 150 ஆம்பியர் வரைதான் தரும். பாரம் ஏற்றி, மெதுவாக மேடு ஏறும் கனரக லாரிகளில் ஃபேன் இன்னும் என்ஜினோடு இணைந்தே இருப்பதற்குக் காரணம் இதுதான். என்ஜின் தன் முழுப் பலத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கும். வண்டியோ 20 கி.மீ. வேகத்தில் ஊரும், எதிர்காற்று இருக்காது. அந்த நேரத்து வெப்பத்தை இழுக்க பெல்ட் அல்லது கியர் வழியாக வரும் பலம்தான் வேண்டும்.

மெக்கானிக்கல் ஃபேன், அதாவது என்ஜினோடு சுழலும் ஃபேன், எரிபொருளைத் தின்னும் என்பது பாதி உண்மை. ஃபேனின் வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். ஆனால் அது இழுக்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே தேவையில்லாதபோது கழன்றுகொள்ளும் கிளட்ச் இருந்தால் மெக்கானிக்கல் ஃபேனின் செலவு பெரிதாகக் குறைந்துவிடும். கிளட்ச் இல்லாமல் நேராகப் பொருத்திய ஃபேன் உங்கள் வண்டியில் இருந்தால், எலக்ட்ரிக்குக்குத் தாவும் முன் ஒரு கிளட்ச் போடுவதைப் பற்றி யோசியுங்கள். எரிபொருள் மிச்சத்தின் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.

கிளட்சில் இரண்டு வகை அதிகம் பார்க்கலாம். சிலிக்கோன் திரவக் கிளட்சில் முன்புறம் ஒரு சுருள் பட்டை இருக்கும். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால் அது விரிந்து வால்வைத் திறக்கும்; திரவம் உள்ளே பாய்ந்து ஃபேனை இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது வகை ஏர் கிளட்ச். கனரக லாரிகளில் பலவற்றில் ஸ்பிரிங் ஃபேனைப் பிடித்து வைத்திருக்கும். காற்றழுத்தம் வந்தால் விடும். ஏர் லைன் அறுந்தாலும் மின் இணைப்பு போனாலும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், என்ஜின் தப்பிக்கும். தலைகீழாக, காற்று வந்தால்தான் பிடிக்கும் கிளட்சும் உண்டு. உங்களுடையது எது என்று தெரியாமல் லைனில் கை வைக்க வேண்டாம்.

எலக்ட்ரிக் ஃபேன் எங்கே பொருந்தும்? பிக்கப், சிறிய சரக்கு வண்டி, அடிக்கடி நின்று நின்று ஓடும் இலகுரக டெலிவரி வேலை. இவற்றில் வெப்பம் குறைவு, ஆனால் நிற்கும் நேரம் அதிகம். என்ஜின் ஐடிலில் (வண்டி நிற்க, என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும் நிலையில்) இருக்கும்போது மெக்கானிக்கல் ஃபேனும் மந்தமாகத்தான் சுற்றும். எலக்ட்ரிக் ஃபேனுக்கு என்ஜின் வேகம் ஒரு பொருட்டல்ல. ஏசி போட்டு நிற்கும் வண்டியில் இந்த வித்தியாசத்தைக் கையால் தொட்டே உணரலாம். தண்ணீரில் இறங்கி ஓட்டும் வண்டிக்கும் இது வசதி: ஃபேனை அணைத்துவிட்டு இறங்கலாம். என்ஜினோடு சுழலும் பிளேடு தண்ணீரைத் தள்ளும்போது முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடக்கூடும்.

டிரெய்லர் இழுக்கும் பிக்கப்தான் குழப்பமான இடம். மாதம் ஒரு முறை லேசான டிரெய்லர் என்றால் எலக்ட்ரிக் தாங்கும். அன்றாட வேலையே அதுதான் என்றால், எங்கள் தீர்ப்பு தெளிவு: கிளட்சோடு கூடிய மெக்கானிக்கல் ஃபேனைக் கழற்றாதீர்கள். ஏசிக்காக மட்டும், அதன் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சருக்கு முன்னால் சிறிய எலக்ட்ரிக் ஃபேன் ஒன்று சேர்க்கலாம். அது எதிர்காற்றைக் கொஞ்சம் மறைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். என்ஜின் கம்ப்யூட்டரே ஃபேனைக் கட்டுப்படுத்தும் வண்டிகளிலும் கைவைக்காமல் இருப்பது நல்லது. கூலன்ட் சூடு மட்டுமல்ல, உள்ளிழுக்கும் காற்றின் சூடு, ஏசி அழுத்தம் ஆகியவற்றையும் பார்த்து அது ஃபேனை இயக்குகிறது. நீங்கள் போடும் ஒற்றை சென்சாருக்கு அவ்வளவு தெரியாது.

எலக்ட்ரிக் என்று முடிவானால், பெட்டியில் அச்சிட்ட காற்றளவை நம்பி வாங்காதீர்கள். அந்த எண் பெரும்பாலும் எதிர்ப்பே இல்லாத திறந்த வெளியில் அளந்தது. கண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் என்று அடுக்கிய பிறகு அதே ஃபேன் வெகு குறைவாகவே இழுக்கும். மோட்டார் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று கேளுங்கள். 10 ஆம்பியர் எடுக்கும் ஃபேன் அதிசயமான காற்று தருகிறது என்றால் அது நடக்காத காரியம். ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுக்கும் ஃபேன், முன்னால் நின்று தள்ளுவதைவிட மேல். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே காற்றை வழிநடத்தும் கூடான ஷ்ரவுட் கட்டாயம் வேண்டும்; இல்லாவிட்டால் பிளேடுக்கு நேரே உள்ள வட்டம் மட்டும்தான் குளிரும், மூலைகள் சும்மா நிற்கும். ஷ்ரவுடில் ரப்பர் மடிப்புக் கதவுகள் இருந்தால், வேகமாக ஓடும்போது எதிர்காற்று தடையின்றி வெளியேறும். ரேடியேட்டர் பின்னல் வழியாகச் செருகிக் கட்டும் பிளாஸ்டிக் டை வேண்டவே வேண்டாம். அதிர்வில் உரசி உரசி ட்யூபை ஓட்டையாக்கிவிடும். பிராக்கெட் வைத்து ரேடியேட்டர் ஃபிரேமில் பிடியுங்கள்.

வயரிங்கில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. 30 ஆம்பியர் ஃபேனுக்கு 6 சதுர மி.மீ. செம்பு வயர், 40 ஆம்பியர் ஃபியூஸ், தனி ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்). ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு ஃபேன் என்றால் இரண்டு ரிலே. ஒன்றையே இரண்டுக்கும் போட்டால் சாக்கெட் உருகும். புறப்படும் கணத்தில் மோட்டார் இரண்டு மூன்று மடங்கு கரன்ட் இழுக்கும் என்பதால் இரண்டும் ஒரே நொடியில் தொடங்காமல் சில நொடி தள்ளி வையுங்கள். எர்த் வயரும் அதே தடிமன், பெயின்ட் சுரண்டிய இரும்பில். ஃபேன் ஓடும்போது பேட்டரி முனைக்கும் ஃபேன் முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எங்கோ இணைப்பு மோசம். மோட்டாரின் இரண்டு வயரும் மாறிவிட்டால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றி எதிர்காற்றோடு மல்லுக்கு நிற்கும். ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள்: ரேடியேட்டரின் முன்பக்கத்தில் அது ஒட்டிக்கொள்ள வேண்டும்.

சூடு எந்த அளவில் ஃபேன் ஓட வேண்டும் என்பதைத் தெர்மோஸ்டாட்டை வைத்தே முடிவு செய்ய வேண்டும். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறந்தால் ஃபேன் 93 டிகிரி அளவில் தொடங்கி 87 அளவில் நிற்கட்டும். நிற்கும் அளவை 82-க்குக் கீழே வைத்துவிட்டால் என்ஜின் அந்தச் சூட்டுக்கு இறங்கவே இறங்காது, ஃபேனும் நிற்காது. ‘ஃபேன் நிற்கவே மாட்டேன் என்கிறது’ என்ற புகார் வந்தால் இந்த எண்களை முதலில் சரிபாருங்கள்.

மெக்கானிக்கலிலேயே நிற்பவர்களுக்குத் திரவக் கிளட்ச் சோதனை. என்ஜினை அணைத்து, சாவியை எடுத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். குளிர்ந்த நிலையில் பிளேடைச் சுண்டினால் லேசான இறுக்கத்தோடு சுற்ற வேண்டும். நன்றாகச் சூடான என்ஜினை அணைத்த உடனே சுண்டினால் கனமான தடை தெரிய வேண்டும். அப்போதும் மூன்று நான்கு சுற்று சும்மா சுற்றினால் திரவம் போய்விட்டது. கிளட்சைச் சுற்றி எண்ணெய்க் கோடுகள் ஆரம் ஆரமாகத் தெறித்திருந்தால் அதே கதைதான். பிளேடு நுனியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், 6 மி.மீ.க்கு மேல் ஆடினால் பேரிங் முடிந்தது. விடியற்காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிடம் போல ஃபேன் உறுமுவது மட்டும் குறை அல்ல. இரவில் இறங்கிச் சேர்ந்த திரவம் மேலேறும்வரை அப்படித்தான் இருக்கும்.

புதுக் கிளட்ச் வாங்கும்போது சுழலும் திசையைக் கேட்டு வாங்குங்கள். பெல்ட்டின் பின்புறத்தால் ஓடும் வாட்டர் பம்ப்பும் அதில் பூட்டிய ஃபேனும் எதிர்த்திசையில் சுற்றும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் திசை மாறிய கிளட்சும் பிளேடும் சரியாகக் குளிர்விக்காது. கிளட்சை அலமாரியில் படுக்க வைக்காமல், வண்டியில் நிற்பது போலவே நிமிர்த்தி வையுங்கள். பிளேடின் ஆழத்தில் பாதியோ அதற்குச் சற்று அதிகமோ ஷ்ரவுடுக்குள் இருக்க வேண்டும். நுனிக்கும் ஷ்ரவுடுக்கும் 12 முதல் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள், மவுன்ட்டில் என்ஜின் ஆடும்போது அந்த இடம் தேவைப்படும். வளைந்த பிளேடைத் தட்டி நிமிர்த்தாதீர்கள். அதன் அதிர்வு வாட்டர் பம்ப் பேரிங்கைத் தின்றுவிடும். அடிப்பகுதியில் விரிசல் இருந்தால் பிளேடு பிய்ந்து பானட்டைத் துளைக்கும்.

எது போட்டாலும் ஒரு சோதனை. பானட்டை மூடி, ஏசியை முழுதாக வைத்து, ஹெட்லைட்டையும் போட்டு, 20 நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். முள் வழக்கமான இடத்திலேயே நிற்க வேண்டும். 12 வோல்ட் வண்டியில் எலக்ட்ரிக் ஃபேன் ஓடும்போது பேட்டரியில் 13.2 வோல்ட்டாவது இருக்க வேண்டும். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தன் முழு அளவில் பாதியைத் தருவதே சிரமம். வோல்ட் மெல்ல மெல்ல 12.5-ஐ நோக்கி இறங்கினால் ஃபேன் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது பெரிய ஆல்டர்னேட்டர் போடுங்கள், அல்லது கழற்றி வைத்த பழைய கிளட்ச் ஃபேனைத் திரும்பப் பூட்டுங்கள்.