வாசித்துப் புரிந்துகொள்ளுதல்: கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடுமாறாமல், நிறுத்தற்குறிகளில் நின்று, உரக்க வாசிக்கும் குழந்தைக்குக் கதை புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது பெற்றோரும் ஆசிரியரும் பரவலாகச் செய்யும் தவறு. பத்தியின் கீழுள்ள வினாக்களுக்குச் சரியான விடை எழுதுவதுகூடப் புரிதலுக்குச் சான்றாகிவிடாது. ‘பொலுவன் கிணுவையைத் துளந்தான்’ என்று பொருளே இல்லாத வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, ‘பொலுவன் எதைத் துளந்தான்?’ என்று கேட்டுப் பாருங்கள். வேற்றுமை உருபைப் பற்றிக்கொண்டு ‘கிணுவையை’ என்று குழந்தை சொல்லிவிடும். வாக்கியத்தை அப்படியே எடுத்தெழுதினால் மதிப்பெண் கிடைக்கும் வினாக்களையே கேட்டுக்கொண்டிருந்தால் இந்த வித்தைதான் வளரும்.

எழுதியதிலிருந்து எழுதாததை உய்த்துணர்வதில்தான் சிக்கல் மிகுதி. ‘கவிதா குடையை மடித்து வாசலில் சாய்த்தாள். அதன் நுனியிலிருந்து நீர் சொட்டியது. அம்மா சாப்பிட அழைத்தார். “பசியில்லை” என்று சொல்லிவிட்டு அறைக்கதவைப் படாரென்று சாத்தினாள்.’ இதில் மழை என்ற சொல்லோ கோபம் என்ற சொல்லோ இல்லை, இரண்டும் உண்டு. கவிதா ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் ஒரு மாணவர் ‘பசியில்லை’ என்பார்; இன்னொருவர் ‘ஆசிரியர் திட்டியிருப்பார்’ என்பார். முதல் விடை வரியைத் தாண்டவில்லை; இரண்டாவதற்குப் பத்தியில் ஆதாரமே இல்லை. இரண்டாவதை நல்ல கற்பனை என்று பாராட்டிவிடுவதுதான் வழக்கம். என் பார்வையில் அது முதல் விடையைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. ‘எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?’ என்று கேட்டு, அந்த வரியில் விரல் வைக்கச் சொல்ல வேண்டும். விடை தவறாகும்போது மட்டும் இதைக் கேட்டால், அந்தக் கேள்வியே ‘உன் விடை தவறு’ என்பதற்கான சமிக்ஞையாகிவிடும். சரியான விடைக்கும் கேளுங்கள்.

கதைக்கூறுகளை வரையறைகளாக மனப்பாடம் செய்விப்பதாலும் பயன் குறைவு. கதைக்களம் என்றால் இடம் மட்டும்தான் என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். காலமும் சூழலும் அதில் அடங்கும். ‘நான்’ என்று கதை சொல்பவர் எழுத்தாளரே என்று கொள்வதும் பிழை. கதைசொல்லியும் ஒரு பாத்திரமே, அவர் பொய்கூடச் சொல்லலாம். எல்லாவற்றையும்விட அதிகம் குழம்புவது மையக்கருத்து. ‘நட்பு’ என்பது கதை எதைப் பற்றியது என்பதை மட்டுமே சொல்கிறது. நட்பைப் பற்றி அந்தக் கதை என்ன சொல்கிறது என்பதை ஒரு முழு வாக்கியமாகச் சொன்னால்தான் அது மையக்கருத்தாகும். எல்லாக் கதைக்கும் கட்டாயமாக நீதி கேட்கும் பழக்கம் இந்தக் குழப்பத்தை மேலும் வளர்க்கிறது.

பழக்கமில்லாத பொருளில் ஒரு பத்தியைக் கொடுத்துவிட்டு, குழந்தையின் வாசிப்பே பலவீனம் என்று முடிவுகட்டுவதும் கூடாது. பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பத்தியை வைத்து ரெக்ட், லெஸ்லி என்னும் இரு ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டத்தை நன்கு அறிந்த மாணவர்கள், ஆட்டம் தெரியாத தேர்ந்த வாசகர்களைவிட மேலாக அதை நினைவுகூர்ந்தார்கள். எனவே வாசிக்கும் முன் பொருளைப் பற்றிச் சிறிது பேசிவிடுவது நல்லது.

விடை சொல்லும்போது பத்தியைத் திருப்பிப் பார்க்கக் கூடாது என்று தடுப்பவர்களும் உண்டு. அது நினைவாற்றலைச் சோதிக்குமே தவிர, புரிதலை அல்ல.